தாமதமாகச் சேர்ந்த வரி இரண்டு ஏட்டிலும் இருக்கிறதா?

பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் ஒரு குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்தால் அதை இரண்டு தடவை எழுத வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு ஏடுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு தடவை. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 40-வது பிரிவு அப்படித்தான் சொன்னது. வருஷக் கடைசியில் இரண்டு ஏட்டையும் மூட வேண்டும். அடுத்த ஒரு மாதத்துக்குள் ஒன்று கொம்யூனின் ஆவண அறைக்கும் இன்னொன்று நீதிமன்றத்தின் பதிவறைக்கும் போக வேண்டும். இது 43-வது பிரிவு. 1880 மார்ச் 12-ஆம் தேதி ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் பத்து கொம்யூன்கள் உருவானபோது புதுச்சேரி, வில்லியனூர், பாகூரோடு உழவர்கரையும் ஒரு கொம்யூன் ஆனது. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவை இங்கே பழைய ஆட்கள் 'எத்தா சிவில்' என்று சொல்வது அந்தக் காலத்து மிச்சம்தான்.

டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவர்களுக்கு இது பழகின ஏற்பாடு. முதன்மைச் சர்வர் ஒன்று, நகல் சர்வர் ஒன்று. ஒன்று எரிந்து போனாலும் இன்னொன்று இருக்கும். இதை ரெப்ளிகேஷன் என்கிறோம். நேரத்துக்கு வந்த வரிகளை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி எழுதுவது பெரிய வித்தை கிடையாது. சிக்கல் எல்லாம் தாமதமாக வருகிற வரியில்தான். இந்தக் குறிப்பு அதைப் பற்றியது: தாமதமாகச் செருகிய ஒரு வரி இரண்டு சர்வரிலும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? சோதனை 'சரி' என்று சொன்னால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

மூன்று நாள் கெடு

முதலில் ஏட்டையே பார்ப்போம். பழைய சிவில் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, குழந்தை பிறந்து மூன்று நாளுக்குள் அறிவிக்க வேண்டும். அதற்குள் அறிவிக்காவிட்டால் பதிவு அதிகாரி தானாக எழுத முடியாது. நீதிமன்றம் போய், பிறப்பை நிரூபித்து, தீர்ப்பு வாங்கி வர வேண்டும். அந்தத் தீர்ப்பை ஏட்டில் ஏற்றுவார்கள்.

எந்த இடத்தில் ஏற்றுவது? பிறந்த வருஷத்து ஏட்டை மூடியாச்சு. அதில் நடுவே நுழைக்க வழியில்லை. 42-வது பிரிவு பதிவுகளைத் தொடர்ச்சியாக, நடுவில் வெற்றிடமே விடாமல் எழுதச் சொல்கிறது. தேதியை எண்ணில் போடக்கூடாது, எழுத்தில்தான் எழுத வேண்டும். தாளுக்குத் தாள் நீதிபதியின் சுருக்கொப்பம் வேறு. ஒரு வரி இடம் காலியாக இருந்தால், இன்று வந்த பதிவைப் போன வருஷமே வந்தது மாதிரிக் காட்டிவிடலாம் இல்லையா? அதை அடைக்கத்தான் இவ்வளவும். ஆகவே தாமதப் பதிவு நடப்பு ஏட்டில் இடம்பெறும். பழைய ஏட்டின் ஓரத்தில் அதைச் சுட்டி ஒரு குறிப்பு வரும்.

இந்த ஓரக் குறிப்பில்தான் ரெப்ளிகேஷன் பிரச்சினை தலைகாட்டுகிறது. ஏடுகள் இரண்டும் இப்போது வெவ்வேறு கட்டடத்தில் இருக்கின்றன. கொம்யூன் ஏட்டின் ஓரத்தில் பதிவு அதிகாரி எழுதுவார். நீதிமன்ற ஏட்டின் ஓரத்தில் நீதிமன்ற எழுத்தர் எழுதுவார். இரண்டு கை, இரண்டு நாள். ஒருவர் எழுதி இன்னொருவர் மறந்துவிட்டால்? சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. 49-வது பிரிவு, இரண்டு ஏட்டிலும் குறிப்பு ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை அரசு வழக்குரைஞரிடம் கொடுத்தது. 53-வது பிரிவு, ஏடு நீதிமன்றத்துக்கு வந்து சேரும்போது அவரே சரிபார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்றது. இன்றைக்கு நாம் சோதனை நிரலிடம் கொடுக்கிற வேலையை அன்று ஓர் ஆளிடம் கொடுத்திருந்தார்கள்.

மைஎஸ்கியூஎல் சொன்ன 'ஓகே'

இப்போது சர்வருக்கு வருவோம். மைஎஸ்கியூஎல்லில் 'இன்சர்ட் டிலேய்டு' என்று ஒரு கட்டளை இருந்தது. சாதாரண இன்சர்ட் போட்டால், வரி டேபிளில் ஏறும் வரை அனுப்பியவர் காத்திருக்க வேண்டும். மையிசாம் வகை டேபிள்களில் வேறு யாராவது பெரிய வினவல் ஓட்டிக்கொண்டிருந்தால் அந்தக் காத்திருப்பு நீளும். டிலேய்டு போட்டால் சர்வர் உடனே 'ஓகே' சொல்லிவிடும். வரி நினைவகத்தில் ஒரு வரிசையில் நிற்கும். டேபிள் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்துப் பின்னணியில் ஓர் இழை அந்த வரிகளை மொத்தமாக எழுதும். இணையதள வருகைக் கணக்கு, லாக் மாதிரி வேலைகளுக்கு இது வசதி.

விலை என்ன? அந்த 'ஓகே'க்கு 'எழுதிட்டேன்' என்று அர்த்தம் இல்லை, 'வாங்கி வச்சிருக்கேன்' என்றுதான் அர்த்தம். வரிசை இருப்பது நினைவகத்தில். சர்வர் திடீரென்று விழுந்தால் அதில் நின்ற வரிகள் போச்சு. வரிக்கு என்ன எண் கிடைத்தது என்று உடனே கேட்டாலும் பதில் கிடைக்காது. எழுதினால்தானே எண்?

இதோடு ரெப்ளிகேஷன் சேரும்போது என்ன ஆகும் என்று பார்ப்போம். முதன்மைச் சர்வர் தன்னில் நடந்த மாற்றங்களைப் பைனரி லாக்கில் வரிசையாக எழுதுகிறது. நகல் சர்வர் அதை வாங்கி, அதே வரிசையில் தன்னிடம் நடத்துகிறது. நகலும் டிலேய்டு கட்டளையைப் பார்த்து, 'சரி, நானும் பிறகு எழுதுறேன்' என்று தன் வரிசையில் போட்டால் கதை கெட்டது.

ஓர் உதாரணம். முதன்மையில் முதலில் ஒரு வரி ஏறுகிறது: ஊர், மூலக்குளம். அடுத்து ஒரு அப்டேட் அதை ரெட்டியார்பாளையம் என்று திருத்துகிறது. லாக்கிலும் இதே வரிசை. நகலில் இன்சர்ட் வரிசையில் நிற்கிறது. அப்டேட் உடனே ஓடுகிறது. திருத்த வரியே இல்லை, பூஜ்யம் வரி மாறியது. அப்புறம் சாவகாசமாக இன்சர்ட் ஏறுகிறது. முடிவில் முதன்மையில் ரெட்டியார்பாளையம், நகலில் மூலக்குளம். இரண்டிலும் ஒரே ஒரு வரிதான். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

அதனால்தான் மைஎஸ்கியூஎல் நகல் சர்வரில் டிலேய்டு என்ற சொல்லைக் கண்டுகொள்வதே இல்லை. அங்கே அது சாதாரண இன்சர்ட். தாமதம் முதன்மையில் ஒரு தடவை நடந்தால் போதும். இது தவிர, லாக்கில் கட்டளையை எழுதுவதா, மாறிய வரியையே எழுதுவதா என்று சர்வரே முடிவு செய்யும் 'மிக்ஸ்டு' முறையில், டிலேய்டு வந்தால் வரியையே எழுதும் முறைக்கு மாறிவிடும். கட்டளையை அனுப்பினால் நகல் அதை மறுபடி நடத்தி விடை காண வேண்டும். வரியை அனுப்பினால் விடையையே அனுப்பின மாதிரி.

எண்ணிக்கை பார்ப்பது சோதனை ஆகாது

மேலே சொன்ன உதாரணத்தை இன்னொரு தடவை பாருங்கள். இரண்டு பக்கமும் வரிகளை எண்ணினால் ஒன்று, ஒன்று. சோதனை பாஸ். நகலோ தப்பு. எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது, ஏட்டைத் திறக்காமல் தாள்களை எண்ணிப் பார்ப்பது மாதிரி.

நான் இதைச் சோதிக்கும் முறை இது. மைஎஸ்கியூஎல் 5.6-இலேயே இந்தக் கட்டளையைக் கைவிடப் போவதாகச் சொல்லி, 5.7-இல் அதைச் சாதாரண இன்சர்ட்டாக ஆக்கிவிட்டார்கள். மரியாடிபியில் இன்னும் உண்டு. செய்து பார்க்க நினைப்பவர்கள் அதில் பார்க்கலாம்.

முதலில், ரெப்ளிகேஷன் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு சாதாரண வரி போட்டுப் பார்க்க வேண்டும். நகல் நின்றுபோய், இரண்டு டேபிளும் காலியாக இருந்தால் அப்போதும் 'இரண்டும் சமம்' என்றுதான் விடை வரும்.

இரண்டாவது, தாமதத்தை உண்மையாகவே உண்டாக்க வேண்டும். சும்மா இருக்கும் டேபிளில் டிலேய்டு போட்டால் வரி உடனே ஏறிவிடும். எதையும் சோதித்ததாக ஆகாது. வேறொரு இணைப்பிலிருந்து டேபிளுக்கு ஒரு வாசிப்புப் பூட்டுப் போடுகிறேன். இப்போது ஐந்தாறு இணைப்புகளிலிருந்து ஒரே நேரத்தில் டிலேய்டு வரிகளை அனுப்பினால் எல்லாம் வரிசையில் நிற்கும். 'ஓகே' மட்டும் உடனுக்குடன் வரும்.

மூன்றாவது, ஒவ்வொரு வரிக்கும் அனுப்பியவரின் எண்ணும் அவருடைய தொடர் எண்ணும் இருக்க வேண்டும். கூடவே, தானாக ஏறும் எண் உள்ள ஒரு பத்தியும். எந்த வரி முந்தியது என்பது முதன்மையில்தான் தீர்மானமாகிறது. முதன்மையில் 17 என்று எண் வாங்கிய வரி நகலிலும் 17 ஆகத்தான் இருக்க வேண்டும். 17-ம் 18-ம் இடம் மாறினால் எண்ணிக்கை மாறாது, மொத்தக் கூட்டல்கூட மாறாது. ஆனால் அந்த எண்ணை நம்பி வேறு டேபிளில் எழுதிய எல்லாம் தப்பான ஆளைக் காட்டும்.

நான்காவது, பூட்டை எடுத்துவிட்டு, 'ஃப்ளஷ் டேபிள்ஸ்' கொடுத்து வரிசையைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். காலியானதா என்று ஊகிக்க வேண்டாம். இன்னும் எழுதாத தாமத வரிகள் எத்தனை என்று சர்வரே ஒரு நிலைமாறியில் காட்டுகிறது. அது பூஜ்யம் ஆகும் வரை காத்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, இரண்டையும் ஒரே புள்ளியில் வைத்து ஒப்பிட வேண்டும். முதன்மையின் லாக் எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, நகல் அந்த இடம் வரை வந்துவிட்டதா என்று காத்திருக்க ஒரு செயற்கூறு இருக்கிறது. சோதனை நிரலில் 'ஐந்து விநாடி தூங்கு' என்று எழுதிவிட்டு ஒப்பிடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வேகமான கணினியில் அது பாஸ் ஆகும், சுமை கூடினால் ஃபெயில் ஆகும். அப்புறம் 'அது அப்படித்தான், இன்னொரு தடவை ஓட்டு' என்று ஆகிவிடும். பிரெஞ்சு அரசு 1776-இலேயே குடியேற்றங்களின் பதிவேடுகளுக்கு இன்னொரு பிரதி எடுத்து வெர்சாய்க்கு அனுப்பச் சொன்னது. கப்பல் போய்ச் சேர மாதக்கணக்கு ஆகும். இங்கே இன்று திறந்திருக்கும் ஏட்டையும் அங்கே போய்ச் சேர்ந்த ஏட்டையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். மூடிய வருஷத்தை மூடிய வருஷத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஆறாவது, வரிக்கு வரி, பத்திக்குப் பத்தி ஒப்பிட வேண்டும். டேபிள் பெரிதாக இருந்தால் பகுதி பகுதியாகச் செக்சம் எடுக்கலாம். பெர்கோனா தரும் கருவி ஒன்று இதை அழகாகச் செய்கிறது: செக்சம் கணக்கிடும் கட்டளையையே ரெப்ளிகேஷன் வழியாக அனுப்புகிறது. நகல் அதே வரிசையில் அதே கட்டத்துக்கு வரும்போது தன் தரவின் மேல் தானே கணக்கிடுகிறது. இரண்டு விடையையும் பிறகு ஒப்பிட்டால் போதும்.

கடைசியாக, நகலில் வேண்டுமென்றே ஒரு வரியில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டுச் சோதனையை மறுபடி ஓட்ட வேண்டும். அது சிவப்பு காட்டினால்தான் முன்னால் காட்டிய பச்சைக்கு மதிப்பு.

இரண்டும் ஒத்துப்போகிறது, ஆனால் இரண்டும் தப்பு

இவ்வளவும் செய்த பிறகும் ஓர் ஓட்டை மிச்சம் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான ஓட்டை.

வரிகள் வரிசையில் நிற்கும்போதே முதன்மைச் சர்வரைக் கொன்றுவிடுங்கள். மறுபடி எழுப்புங்கள். நினைவகத்தில் இருந்த வரிகள் போய்விட்டன. அவை எழுதப்படவே இல்லை என்பதால் லாக்கிலும் இல்லை. லாக்கில் இல்லாததால் நகலுக்கும் போகவில்லை. இப்போது மேலே சொன்ன எல்லாச் சோதனையையும் ஓட்டினால் எல்லாம் பச்சை. எண்ணிக்கை சரி, எண் சரி, செக்சம் சரி. இரண்டு சர்வரும் முழு ஒற்றுமையாக, தொலைந்துபோன வரிகளைப் பற்றி எதுவும் தெரியாமல் நிற்கின்றன.

நகலை மூலத்தோடு எவ்வளவு நுணுக்கமாக ஒப்பிட்டாலும் இதைப் பிடிக்க முடியாது. இதற்கு மூன்றாவது ஓர் ஏடு வேண்டும்: அனுப்பியவர் கையில் இருக்கும் ஏடு. அனுப்பும் நிரல், 'ஓகே' வந்த ஒவ்வொரு வரியையும் தன் கோப்பில் குறித்துக்கொள்ள வேண்டும். சோதனை முடிவில் அந்தக் கோப்பையும் டேபிளையும் ஒப்பிட வேண்டும். ஆக, கேள்விகள் இரண்டு. நகலும் மூலமும் ஒன்றா? மூலமும் வாக்குறுதியும் ஒன்றா? முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் இரண்டாவதை மறந்துவிடுவது சுலபம்.

பழைய ஏட்டிலும் இதே கதைதான். அரசு வழக்குரைஞர் இரண்டு ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத குறிப்பைக் கண்டுபிடிக்கலாம். யாருமே அறிவிக்காத குழந்தையை? அது இரண்டிலும் இல்லை. அந்தக் குழந்தைக்கு வழி நீதிமன்றம்தான். வெளியிலிருந்து ஆட்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

இதன் கனம் சின்னதில்லை. 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் அமலுக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆறு மாதத்தின் விளைவு அவர்கள் பேரப்பிள்ளைகள் வரை நீள்கிறது. யார் யாருக்குப் பிறந்தார், எங்கே, எப்போது என்று காட்ட ஏட்டில் ஒரு வரி வேண்டும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதிய வரி.

வரிசை எங்கேயும் போகவில்லை

இன்சர்ட் டிலேய்டு மைஎஸ்கியூஎல்லை விட்டுப் போனது. ஆனால் வரிசை நம்மை விட்டுப் போகவில்லை. ரெடிஸ், காஃப்கா என்று வேறு பெயரில் டேட்டாபேசுக்கு முன்னால் வந்து நிற்கிறது. சிக்னல் இல்லாத இடத்தில் போனில் பதிந்து, பிறகு ஏற்றுகிற ஆப் எல்லாமே தாமத இன்சர்ட்தான். அங்கேயும் 'ஓகே' யார் சொன்னது, எந்தக் கட்டத்தில் சொன்னது என்று கேட்க வேண்டும்.

பிறப்புப் பதிவும் இப்போது இதே உருவத்துக்கு வந்துவிட்டது. 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, நிகழ்வு நடந்த இடத்தில்தான் பதிவு. கோரிமேட்டில் ஜிப்மர் இருப்பதால், விழுப்புரம், கடலூர்ப் பக்கத்திலிருந்து பிரசவத்துக்கு வருகிறவர்கள் பிள்ளையின் பிறப்பும் புதுச்சேரிக் கணக்கில்தான் சேரும். 21 நாள் கெடு. அது தாண்டி 30 நாள் வரை தாமதக் கட்டணம். 30 நாளிலிருந்து ஒரு வருஷம் வரை அதிகாரியின் எழுத்து அனுமதி. ஒரு வருஷம் தாண்டினால் முன்பு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட ஆட்சியர், துணை ஆட்சியர் நிலையில் உத்தரவு. அதே திருத்தம் தேசிய அளவில் ஒரு தரவுதளத்தையும் கொண்டுவந்தது. மாநிலப் பதிவுகள் அதோடு இணைய வேண்டும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் போன்றவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்.

இந்த மாதிரி ஓர் அமைப்பைச் சோதிக்கச் சொன்னால் நான் முதலில் தேடுவது தாமதப் பதிவுகளைத்தான். ஒவ்வொன்றிலும் இரண்டு தேதி இருக்கும்: பிறந்த தேதி, பதிவான தேதி. இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும். இரண்டும் கிளம்பின இடத்திலிருந்தே வரியோடு பயணம் செய்ய வேண்டும். போய்ச் சேர்ந்த சர்வர் தன் கடிகாரத்தைப் பார்த்து நிரப்பக் கூடாது. பிறந்த தேதியை வைத்துப் 'போன வருஷத்து வரிகளை எல்லாம் ஏற்கெனவே ஒப்பிட்டாச்சு' என்று தள்ளிவிட்டால், இந்த வருஷம் பதிவான போன வருஷத்துக் குழந்தை யார் கண்ணிலும் படாது. பதிவான தேதியை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

பிறகு, ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். மனு கொடுத்தவர் கையில் ஒரு ரசீது எண் இருக்கும். அதுதான் அனுப்பியவர் ஏடு. அந்த எண்ணுக்கு உழவர்கரையில் ஒரு வரி இருக்கிறதா, மாநிலத்தில் இருக்கிறதா, தேசியத் தளத்தில் இருக்கிறதா, மூன்றிலும் பெயரின் எழுத்து உட்பட ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சர்வர்களை மட்டும் ஒன்றோடொன்று பேசவிட்டால் அவை தமக்குள் ஒத்துப்போய்விடும். கையில் ரசீது வைத்திருப்பவரையும் அந்தப் பேச்சில் சேர்த்தால்தான் அது சோதனை.